பௌபஜார்த் தெருவில் மிருதங்கம்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு வீணையோ தம்புராவோ மிருதங்கமோ இருப்பது வியப்பன்று. ஆனால் அவ்வாத்தியங்களின் நாதம் ஏன் அவ்வாறு ஒலிக்கிறது என்னும் வினாவை ஒரு தமிழர் எழுப்பி விடை கண்ட இடம் வங்க நாடு என்பதை நம்மில் பலர் அறியோம்.

திருச்சிராப்பள்ளியில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சந்திரசேகர வேங்கடராமன், 1907-இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். தந்தையார் பிடில் வாசிப்பவர். மனைவியார் லோகசுந்தரி அம்மையார் வீணை பயின்றவர். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம், பௌபஜார்த் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் அன்று ஏறக்குறைய ஓய்ந்து கிடந்தது. அலுவலகம் செல்லுமுன் காலையிலும், திரும்பிய பின் மாலையிலும் இராமன் அங்கே உழைத்தார். உடனிருந்து உதவியவர் ஆசுதோஷ் தே என்னும் வங்காளியர்.

அந்நகரமும் இவ்வாய்வுக்கு ஏற்ற நிலமாகவே இருந்தது. சௌரீந்திர மோகன் தாகூர் 1871-இலேயே அங்கு வங்க இசைப் பள்ளியைத் தோற்றுவித்து, பல வகை வாத்தியங்களையும் திரட்டியிருந்தார். பாவுல் பாடகர் ஏந்தும் ஒற்றைத் தந்தி எக்தாராவைப் பற்றி இராமன் 1909-இலேயே எழுதினார்.

ஒரே சீரான வட்டத் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால், எழும் மேற்சுருதிகள் அடிச்சுருதியின் முழு மடங்குகளாக அமைவதில்லை. அடுத்த ஒலியே 1.59 மடங்காகி விடுகிறது. ஆகவே தோற்கருவியில் தெளிந்த சுருதி பிறவாது என்பது ஐரோப்பியர் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையிலும் தபலாவிலும் தோல் ஒரே சீரானதன்று. நடுவில் கரணை உண்டு. வங்காளியர் அதனைக் 'காப்' என்பர். அந்தக் கரிய வட்டத்தின் பாரத்தால் மேற்சுருதிகள் 2, 3, 4, 5 மடங்குகளாக ஒழுங்குறுகின்றன என்பதை 1920-இல் இராமனும் எஸ். குமாரும் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். தோலின்மேல் நுண்மணலைத் தூவித் தட்டினால், அதிராத கோடுகளில் மணல் திரண்டு நிற்கும். இவ்வாறு ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே சுருதிகளுள் அடங்குவதை விளக்கும் விரிவான கட்டுரை, இராமன் பெங்களூர் சென்ற பின், 1934-இல் வெளிவந்தது.

வீணையின் செய்தி இன்னும் நுட்பமானது. தந்தியை எவ்விடத்தில் மீட்டுகிறோமோ, அவ்விடத்தில் அசைவற்று நிற்க வேண்டிய மேற்சுருதி ஒலித்தல் ஆகாது என்பது தாமஸ் யங் கண்ட விதி. வீணையின் குதிரையோ, பிடிலின் குதிரைபோல் கூரியதன்று. அகன்று, மேற்புறம் மெல்ல வளைந்தது. தந்தி அதனைத் தொட்டும் விட்டும் அதிர்கிறது. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் சிறு நூலும் இத்தொழிலுக்குத் துணை செய்கிறது. விதிப்படி மௌனமாயிருக்க வேண்டிய சுருதிகள் இக்கருவிகளில் உரக்கவே ஒலிப்பதை இராமன் 1921-இல் எடுத்துக் காட்டினார். தம்புராவுக்கு நூல் திருத்தும்போது, ஓரிழை நகர்ந்தாலும் நாதம் மாறுவதை நாமே கேட்டிருக்கிறோம் அல்லவா!

ஆராய்ச்சியின் புகழ் இராமனுக்கு உரியது, ஐயமில்லை. ஆயினும் அவர் கண்டறிந்த ஒழுங்கு, அவர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே தோலில் ஏறியிருந்தது. சோற்றோடு கற்பொடியைக் குழைத்து, படலம் படலமாகத் தேய்த்து, தட்டிக் கேட்டு, மீண்டும் தேய்த்த கைவினைஞர்களின் பெயர்கள் நூல்களில் இல்லை. அவர்களுள் பலர் தோல் தொழில் செய்த காரணத்தாலேயே தீண்டாமைக்கு ஆளானவர்கள். மேடையில் வாசிப்பவர் பெயரும், ஆய்ந்தவர் பெயரும் நிற்க, அமைத்தவர் பெயர் மறைந்தது முறையன்று என்றே நாம் கருதுகிறோம்.

1928-இல் ஒளிச்சிதறல் ஆய்வும், 1930-இல் நோபெல் பரிசும் வந்தபின் இவ்விசையாய்வுகள் பொதுமக்கள் நினைவில் பின்னுக்குச் சென்றன. கழகம் பிற்காலத்தில் யாதவ்பூருக்கு இடம் பெயர்ந்தது. பௌபஜார்த் தெருவும் விபின் பிகாரி கங்குலி தெருவெனப் பெயர் மாறிற்று. அத்தெருவழியே மேற்கே நடந்தால் லால்பஜார் வரும்; அங்கு வாத்தியக் கடைகள் இன்றும் உள்ளன.