ஹெர்ன்ஹூட்டின் நாள்வசனமும் திருநாட்களும்

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், செக் நாட்டு எல்லைக்கு அருகே ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூர் இருக்கிறது. மொரேவிய சபை என்று அறியப்படும் கிறிஸ்தவ ஐக்கியம் பதினெட்டாம் நூற்றாண்டில் புத்துயிர் பெற்றது இங்கேதான். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேத வசனத்தைக் குறித்துவைத்து, அதை உலகெங்கும் உள்ள சபையார் ஒரே நாளில் தியானிப்பது இந்த ஐக்கியத்தின் வழக்கம். தங்கள் வரலாற்றில் நடந்தவற்றையே திருநாட்களாக்கி, பொதுவான கிறிஸ்தவத் திருநாட்களோடு சேர்த்து ஆசரிப்பது இன்னொரு வழக்கம். மிகச் சிறிய இச்சபை கண்டங்கள் தோறும் சிதறியும் ஒரே குடும்பமாக நிலைத்ததற்கு இந்த இரண்டும் பெரிய காரணம்.

சபையின் வேர் ஹெர்ன்ஹூட்டைவிடப் பழையது. ரோமத் திருச்சபையின் முறைகேடுகளைக் கண்டித்த யான் ஹுஸ் என்ற பொகீமியப் போதகர் 1415 ஜூலை 6 அன்று கான்ஸ்டன்ஸ் நகரில் எரித்துக் கொல்லப்பட்டார். அவர் வழிவந்தவர்களில் ஒரு சாரார் 1457இல் குன்வால்ட் என்ற ஊரில் கூடிச் சகோதரர் ஐக்கியத்தை அமைத்தனர். மூல மொழிகளிலிருந்து செக் மொழிக்கு வேதாகமத்தைப் பெயர்த்து, க்ராலிட்சே என்ற சிற்றூரில் 1579 முதல் 1593 வரை ஆறு தொகுதிகளாக அச்சிட்டவர்கள் இவர்களே. 1620இல் வெள்ளை மலைப் போரில் சீர்திருத்தச் சபையார் தோற்றபின் நிலைமை தலைகீழானது. குருமார் நாடுகடத்தப்பட்டனர், ஆலயங்கள் பறிக்கப்பட்டன. மொரேவியாவின் குடியானவர்கள் சிலர் வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் வீட்டுக்குள் ஒளித்துவைத்து மூன்று நான்கு தலைமுறைகள் இரகசியமாக வாசித்துவந்தனர். கல்வியாளராகப் புகழ்பெற்ற கொமேனியுஸ் இந்த ஐக்கியத்தின் பேராயர். அவர் அகதியாகவே வாழ்ந்து இறந்தார்.

1722இல் இத்தகைய குடும்பங்கள் சிலவற்றைத் தச்சர் கிறிஸ்டியன் டேவிட் எல்லை தாண்டிச் சாக்சனிக்கு அழைத்துவந்தார். அங்கே பெர்தெல்ஸ்டார்ப் பண்ணையின் உரிமையாளர் நிக்கோலஸ் லுட்விக் வான் சின்சென்டார்ப் பிரபு அவர்களுக்கு இடம் கொடுத்தார். ஜூன் 17 அன்று முதல் மரம் வெட்டப்பட்டது. அப்போது 22 வயதான அந்தப் பிரபு, ஹாலே நகரில் பிராங்கே நடத்திய பள்ளியில் படித்தவர். தரங்கம்பாடி மிஷனுக்கு ஊழியர்களை அனுப்பியதும் அதே ஹாலேதான். மாணவப் பருவத்தில் தரங்கம்பாடிச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு, அங்கு ஊழியம் செய்த சீகன்பால்கு 1715இல் ஐரோப்பா வந்தபோது அவரைக் காணும் வாய்ப்பும் கிடைத்தது. தூர தேசத்து ஊழியம் பற்றிய தாகம் அவருள் அந்நாளிலேயே பிறந்துவிட்டது.

ஹெர்ன்ஹூட்டின் முதல் ஐந்து ஆண்டுகள் சச்சரவில் கழிந்தன. மொரேவிய அகதிகளோடு லுத்தரன்களும் வேறு பல குழுவினரும் வந்து சேர்ந்தனர். வழிபாடு, நற்கருணை, சபை ஒழுங்கு என எல்லாவற்றிலும் கருத்து மாறுபட்டது. 1727 மே மாதத்தில் சின்சென்டார்ப் ஊருக்கான ஒழுங்குவிதிகளை எழுதி, ஒவ்வொருவரிடமும் பேசி ஒப்பம் வாங்கினார். அந்தக் கோடையில் சிட்டாவ் நகர நூலகத்தில் கொமேனியுஸ் எழுதிய பழைய சபை ஒழுங்கு நூல் அவர் கையில் கிடைத்தது. அகதிகள் தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லிவந்தவை அதில் எழுத்தில் இருப்பதைக் கண்டு ஊரே நெகிழ்ந்தது. ஆகஸ்ட் 13 அன்று பெர்தெல்ஸ்டார்ப் ஆலயத்தில் எல்லோரும் நற்கருணைக்குக் கூடினர். பேசாமல் இருந்தவர்கள் பேசினர், பகைத்தவர்கள் அழுது ஒப்புரவாகினர். மொரேவிய சபை தன் மறுபிறப்பு நாளாக ஆண்டுதோறும் கொண்டாடுவது இந்த நாளையே. அதே மாதம் 27ஆம் தேதி, ஆண்கள் 24 பேரும் பெண்கள் 24 பேரும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என இரவும் பகலும் இடைவிடாத ஜெபத்தைத் தொடங்கினர். அது நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

சபையின் மிக இனிய வழக்கமும் அந்த ஆகஸ்ட் நாளிலேயே முளைத்தது. நற்கருணை முடிந்தபின் வீட்டுக்குப் போக மனமில்லாமல் மக்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடிப் பேசிக்கொண்டிருந்தனர். அவர்கள் கலைய வேண்டாம் என்று சின்சென்டார்ப் தம் மாளிகையிலிருந்து உணவு அனுப்பினார். ஆதித் திருச்சபையில் இருந்து, பின்னர் மறைந்துபோன அன்பின் விருந்து இப்படித் திரும்பி வந்தது. இது நற்கருணை அல்ல. அப்பமும் ரசமும் இல்லை, அபிஷேகம் பெற்ற குருவும் தேவையில்லை. எளிய உணவை ஆலயத்துக்குள்ளேயே பாடல்களுக்கு நடுவே பகிர்ந்துண்பதுதான் எல்லாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள சேலம் சபையில், பெண்கள் கூடைகளில் இனிப்புப் பன்களைக் கொண்டுவந்து வரிசை வரிசையாகக் கொடுப்பார்கள். பின்னால் ஆண்கள் பெரிய தட்டுகளில் பால் கலந்த காப்பிக் குவளைகளை ஏந்தி வருவார்கள். எல்லோர் கைக்கும் வந்து சேரும்வரை பாடல் நிற்காது, யாரும் உண்ணத் தொடங்குவதுமில்லை. பிற சபையாரும் வழிப்போக்கரும் அமரலாம். இன்னார் என்று கேட்பதில்லை.

மறு ஆண்டு, 1728 மே 3 அன்று, மாலைப் பாட்டுக் கூட்டத்தின் முடிவில் சின்சென்டார்ப் மறுநாள் நினைத்துக்கொள்வதற்கென்று ஒரு வாசகத்தைச் சபைக்குச் சொன்னார். அது ஒரு ஞானப்பாட்டின் சிறு பகுதி. மறுநாள் காலையில் ஒரு சகோதரர் அதை ஊரின் 32 வீடுகளுக்கும் நேரில் எடுத்துச் சென்றார். அன்றிலிருந்து இது நாள்தோறும் நடந்தது. வசனத்தைக் கொண்டுசென்றவர் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவதில்லை. வீட்டில் யாருக்கு நோய், யாருக்கு மனவருத்தம் என்று விசாரித்துவந்து மாலைக் கூட்டத்தில் தெரிவிப்பார். வேத தியானமும் சபை விசாரணையும் ஒரே நடையில் முடிந்தன. போதகர் பீடத்திலிருந்து செய்யும் பிரசங்கத்தைவிட இந்தக் காலைநடை ஊரைப் பிணைத்தது என்றே சொல்ல வேண்டும்.

ஊழியர்கள் தூர நாடுகளுக்குக் கிளம்பத் தொடங்கிய காலம் அது. ஆண்டு முழுவதற்கும் வசனங்களை முன்கூட்டியே தொகுத்த முதல் அச்சுப் புத்தகம் 1731இல் வெளிவந்தது. லோசுங்கன் என்று ஜெர்மனியில் அழைக்கப்படும் அந்தச் சிறு நூல் அன்றிலிருந்து ஆண்டு தவறாமல் வெளிவருகிறது. 1732இல் கரீபியக் கடலின் செயின்ட் தாமஸ் தீவுக்கும், 1733இல் கிரீன்லாந்துக்கும் சென்ற சகோதரர்கள் பின்னர் இதே நூலைத் தங்களோடு வைத்திருந்தனர். கடிதம் வந்து சேர மாதங்கள் பிடித்த காலத்தில், ஊரில் இருப்பவர்கள் இன்று எந்த வசனத்தைத் தியானிக்கிறார்கள் என்பது பனிப்பாறைகளுக்கு நடுவே இருந்தவருக்கும் தெரியும். குடியேற்றங்களின் நாட்குறிப்புகளில் தேதிக்கு அடுத்து அன்றைய வசனத்தையும் எழுதிவைக்கும் பழக்கம் வந்தது.

வசனங்கள் சீட்டுப் போட்டே எடுக்கப்பட்டன. மனித விருப்பம் குறுக்கிடக் கூடாது என்பது காரணம். பழைய ஹெர்ன்ஹூட்டில் சீட்டு பலவற்றுக்கும் பயன்பட்டது. மூப்பர் தேர்வு, ஊழியக்காரரை அனுப்பும் முடிவு, திருமணத்துக்கு அனுமதி ஆகிய யாவும் சீட்டைப் பார்த்தே முடிவாயின. மனம் ஒத்த இருவருக்குச் சீட்டு மறுத்துவிட்டால் திருமணம் நடக்காது. இந்தக் கடுமைக்கு எதிர்ப்பு வளர்ந்து, 1818 சபைப் பேரவைக்குப்பின் பெரும்பாலான உறுப்பினருக்குத் திருமணச் சீட்டுக் கட்டாயம் நீங்கியது. மற்றப் பயன்பாடுகளும் படிப்படியாக மறைந்தன. அந்த மாற்றம் நியாயமானது. நாள்வசனத்துக்கு மட்டும் சீட்டு நிலைத்தது. பழைய ஏற்பாட்டிலிருந்து தொகுத்த சுமார் 1,800 வசனங்களுக்கான எண் சீட்டுகள் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் போடப்பட்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஹெர்ன்ஹூட்டில் எடுக்கப்படுகின்றன. மொழிபெயர்ப்புக்கும் அச்சுக்கும் காலம் வேண்டும் என்பதால் இது மூன்று ஆண்டு முன்னதாகவே நடந்துவிடுகிறது. எடுத்த வசனத்துக்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தைச் சிந்தித்துத் தேர்ந்து பக்கத்தில் வைக்கிறார்கள். அதற்குச் சீட்டு இல்லை. இரண்டு வசனங்களும் ஒன்றையொன்று விளக்க, வாசிப்பவர் இரு ஏற்பாடுகளையும் சேர்த்துப் படிக்கப் பழகுகிறார்.

சபையின் திருநாள் பட்டியல் இந்த நாள்வசன வாழ்க்கையோடு சேர்ந்தே வளர்ந்தது. மார்ச் 1 ஐக்கியத்தின் தோற்றத்தையும், ஜூலை 6 ஹுஸின் இரத்தசாட்சி மரணத்தையும் நினைப்பதற்கு. நவம்பர் 13 கிறிஸ்துவே சபையின் தலைமை மூப்பர் என்று 1741இல் அறிவித்த நாள். இவற்றோடு வயதுக்கும் மணநிலைக்கும் ஏற்பப் பிரித்த குழுக்களுக்கும் தனித் திருநாட்கள் உண்டு. ஆகஸ்ட் 17 குழந்தைகளின் நாள். 1727இல் பதினொரு வயது சூசன்னா கூனல் என்ற சிறுமியிடம் தொடங்கிய ஜெப எழுப்புதலின் நினைவு அது. மே 4 மணமாகாத சகோதரிகளின் நாள். 1730இல் பதினான்கே வயதில் பெண்களின் தலைமை மூப்பராகச் சீட்டினால் தெரிவுசெய்யப்பட்ட அன்னா நிட்ஷ்மன், தம் தோழியருடன் உடன்படிக்கை செய்த நாள் அது. செப்டம்பர் 7 மணமானவர்களுக்கும், ஏப்ரல் 30 விதவைகளுக்கும் உரியவை. விதவையும் மணமாகாதவரும் விழாக்களில் ஓரமாக நின்ற காலத்தில், அவர்களுக்கென்றே வசனமும் இசையும் விருந்தும் கொண்ட ஒரு நாளை ஒரு சமூகம் ஒதுக்கியது பெரிய செயல். ஆலயத்தில் பெண்கள் அணிந்த வெள்ளைத் தொப்பியின் நாடா நிறமே குழுவைக் காட்டியது: சிறுமியருக்குச் சிவப்பு, மணமாகாதவருக்கு இளஞ்சிவப்பு, மணமானவருக்கு நீலம், விதவையருக்கு வெள்ளை.

பொதுத் திருநாட்களில் இவர்கள் மிகுந்த கவனம் செலுத்தியது பரிசுத்த வாரத்துக்கு. நான்கு சுவிசேஷங்களின் பாடுகள் வரலாற்றையும் ஒரே தொடராக இணைத்து, அந்தந்த நாளில் நடந்ததை அந்தந்த நாளிலேயே சபை கூடி வாசித்தது. ஞாயிறு முதல் பெரிய வெள்ளி வரை, மாலைதோறும் விளக்கவுரை இல்லாமல் வாசிப்பும் இடையிடையே பாடலும் மட்டுமே. சாமுவேல் லீபர்கூன் தொகுத்த இணைப்பு நூல் இதற்கு நெடுங்காலம் பயன்பட்டது.

1732 உயிர்ப்பு ஞாயிறு அன்று விடியும் முன்னே, ஹெர்ன்ஹூட்டின் இளைஞர்கள் ஹூட்பெர்க் குன்றிலுள்ள கல்லறைத் தோட்டத்துக்குப் பாடியபடி ஏறினர். இயேசுவின் கல்லறைக்கு அதிகாலையில் போன பெண்களின் அனுபவத்தைத் தாமும் பெற விரும்பினர். அடுத்தடுத்த ஆண்டுகளில் முழுச் சபையும் சேர்ந்துகொண்டது. அந்தத் தோட்டத்தில் சின்சென்டார்ப் குடும்பத்தாரின் கல்லறைகளைத் தவிர மற்றக் கற்கள் எல்லாம் ஒரே அளவில் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். மற்றவர்களுக்குள் உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்ற வேறுபாடு காட்டப்படவில்லை. குடும்பமாக அடக்கம் செய்வதுமில்லை. ஆண்கள் ஒரு புறம், பெண்கள் மறுபுறம், இறந்த வரிசைப்படி. சூரியன் எழும் நேரத்தில் சபையார் அந்தக் கற்களுக்கு நடுவே நின்று விசுவாச அறிக்கை சொல்லி, கடந்த உயிர்ப்புத் திருநாளுக்குப்பின் மரித்தவர்களை நினைவுகூர்வார்கள். சேலத்தில் 1772இல் தொடங்கிய இந்த ஆராதனையில், பித்தளைக் குழல் வாசிப்போர் நள்ளிரவுக்குப்பின் தெருத்தெருவாகச் சென்று ஊரை எழுப்புகிறார்கள். அதிகாலை ஆராதனைக்குப் பழகிய தமிழ்ச் சபையாருக்கு இது அயலாகத் தோன்றாது.

கிறிஸ்துமஸ் வழக்கங்களில் இரண்டு உலகெங்கும் பரவின. 1747இல் மாரியன்போர்ன் கோட்டையில், பேராயர் ஜோகன்னஸ் டி வாட்டவில் குழந்தைகள் ஒவ்வொருவர் கையிலும் சிவப்பு நாடா கட்டிய சிறு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொடுத்தார். மெழுகுவர்த்தி ஆராதனை அதிலிருந்து வந்தது. மற்றது தாள் நட்சத்திரம். நீஸ்கி ஊரின் விடுதிப் பள்ளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவியல் பயிற்சியாகச் செய்யப்பட்ட பல முனை நட்சத்திரம், ஊழியர்களின் பிள்ளைகள் வழியாக வீடுகளுக்குப் போனது. பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த பிள்ளைகள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றில் அதை ஒட்டித் தொங்கவிட்டனர்.

பிற சபைகள் மீதும் இந்த ஐக்கியத்தின் தாக்கம் பெரிது. 1736இல் அட்லாண்டிக் புயலில் கலங்காமல் பாடிய மொரேவியரைக் கப்பலில் கண்ட ஜான் வெஸ்லி, 1738இல் ஹெர்ன்ஹூட்டுக்கே சென்று பார்த்தார். ஒருவர்க்கொருவர் மனம்திறந்து பேசி வேதம் படிக்கும் சிறு குழுக்களும் அன்பின் விருந்தும் அவர் தொடங்கிய மெதடிஸ்ட் இயக்கத்துக்கு இங்கிருந்து போயின.

தமிழகத்தையும் அது தொட்டது. நிக்கோபார் தீவுகளில் குடியேற்றம் அமைக்க விரும்பிய டென்மார்க் அரசின் அனுமதியோடு 1760இல் மொரேவியர் தரங்கம்பாடியில் இறங்கி, பொறையாறு அருகே ‘சகோதரர் தோட்டம்’ அமைத்தனர். கைத்தொழிலாலும் வேளாண்மையாலும் தங்களைத் தாங்களே தாங்கிக்கொண்டனர். ஹாலே ஊழியர்கள் அவர்களை விரும்பவில்லை. சின்சென்டார்ப்பின் இளமைத் தாகத்துக்கு வித்திட்ட அதே மிஷன் அவருடைய சகோதரர்களை எட்டநிறுத்தியது வருந்தத்தக்கது. 1768இல் நான்கவுரித் தீவில் தொடங்கிய பணி காய்ச்சலால் பலரைப் பலிகொண்டு 1787இல் நின்றது. தரங்கம்பாடிக் குடியேற்றமும் 1803இல் முடிவுற்றது. இந்தியாவில் நிலைத்த மொரேவிய சபை இமயத்தில்தான். லாகூலில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய அவர்களின் மொழிப்பணி, யோசெப் கெர்கானின் உழைப்போடு 1948இல் திபெத்திய வேதாகமம் முழுமையாக வெளிவருவதில் நிறைவடைந்தது. லே நகரில் சபை இன்றும் கூடுகிறது.

1945 மே மாதத்தில், போர் முடியும் தறுவாயில், ஹெர்ன்ஹூட்டின் நடுப்பகுதியும் பேராலயமும் எரிந்தன. ஆலயம் பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. ஜெர்மனி பிரிந்திருந்த ஆண்டுகளில் சபை நிர்வாகமும் கிழக்கே ஹெர்ன்ஹூட், மேற்கே பாட் போல் என இரண்டாகச் செயல்பட்டது. நாள்வசனம் மட்டும் எல்லையின் இருபுறமும் ஒன்றே. 2024இல் ஹெர்ன்ஹூட், அமெரிக்காவின் பெத்லகேம், வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில் ஆகியவை, முன்பே இடம்பெற்ற டென்மார்க்கின் கிறிஸ்டியன்ஸ்ஃபெல்டுடன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. சபையாரில் மிகப் பெரும் பகுதியினர் இப்போது தான்சானியாவில் வாழ்கிறார்கள். நாள்வசன நூல் 50க்கும் மேற்பட்ட மொழிகளில் வருகிறது. வேத வசனங்கள் இரண்டும் எல்லா மொழியிலும் அவையே. அவற்றோடு சேர்க்கும் பாடலையும் ஜெபத்தையும் அந்தந்த நாட்டுச் சபை தன் பாட்டுப் புத்தகத்திலிருந்தும் தன் மக்களின் எழுத்திலிருந்தும் தேர்ந்துகொள்கிறது.