சீக்கிய சமயத்தில் குரு என்னும் கருத்தாக்கம்: தோற்றமும் கோட்பாடும்

முன்னுரை

சீக்கிய சமயத்தை இந்து, இசுலாம் ஆகிய இரு சமயங்களின் கலவை எனச் சுருக்கிக் கூறும் வழக்கம் பரவலாக உள்ளது. இவ்விரு மரபுகளும் அருகருகே வாழ்ந்த பஞ்சாபில் அச்சமயம் தோன்றியது உண்மையே. ஆயினும், தோன்றிய சூழலைக் கொண்டு மட்டும் அதன் தனித்தன்மையை விளக்க இயலாது. ‘சீக்கியர்’ என்பதற்கு மாணாக்கர் என்பது பொருள். அம்மாணாக்கருக்குக் குரு யார் என்னும் வினாவின்வழி அச்சமயத்தின் தனித்தன்மையை விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

தோற்றம்

குரு நானக் 1469இல் தல்வண்டியில் பிறந்தார். இன்று பாகிஸ்தானிலுள்ள அவ்வூர் நன்கானா சாகிப் என வழங்கப்படுகிறது. நெடும்பயணங்களுக்குப் பின் அவர் ராவி ஆற்றங்கரையிலுள்ள கர்த்தார்பூரில் குடியமர்ந்து, இல்லறத்தாராக வாழ்ந்து, 1539இல் மறைந்தார். தம் புதல்வர் இருவர் இருந்தும், மாணாக்கரான லேணாவையே ‘அங்கத்’ என்னும் பெயரில் அடுத்த குருவாக்கினார். பிற்காலத்தில் குருபீடம் ஒரே குடும்பத்தில் நிலைத்தது. எனினும், குருமார் பதின்மரிடத்தும் ஒளிர்வது ஒரே சோதி என்னும் நம்பிக்கை மாறவில்லை.

கோட்பாடுகள்

இறைவன் ஒருவன்; உருவமற்றவன்; பிறப்பிலி; காலங்கடந்தவன். உருவ வழிபாட்டை இச்சமயம் ஏற்பதில்லை. வினைப்பயனையும் மறுபிறப்பையும் ஏற்கிறது. ‘நான்’ என்னும் முனைப்பே தளை. இறையாணைக்கு இசைந்து வாழ்தலே விடுதலைக்கு வழி. இறைப்பெயரை நினைதல், நேர்மையாக உழைத்தல், பகிர்ந்து உண்ணல் ஆகிய மூன்றும் வாழ்க்கை நெறிகள். சாதி வேறுபாடின்றி அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் ‘லங்கர்’ இந்நெறியின் நடைமுறை வடிவமாகும்.

நூலாக்கம்

ஐந்தாம் குருவான அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தம் 1604இல் அமிர்தசரசு ஹர்மந்திரில் நிறுவப்பெற்றது. நெசவாளரான கபீர், தோல்தொழிலாளரான ரவிதாசர், மராட்டியரான நாமதேவர், சூஃபியான பரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் இடம்பெற்றன. பாடிய குரு எவராயினும் பாடலின் முத்திரைப் பெயர் ‘நானக்’ என்றே அமையும். அவரது வரிசை எண்ணைக் கொண்டே ஆசிரியரை அறிய இயலும்.

பரீதின் பாடல்களுக்கிடையே, அவற்றை விளக்கியும் சிலவிடத்து மறுத்தும் குருமார் பாடியவை வைக்கப்பட்டுள்ளமை குறிப்பிடத்தக்கது. பிறர் சொல்லை ஏற்று, அதனோடு உரையாடி, தம் நெறியை நிறுவும் முறை இது. கலவை என்னும் சொல் இம்முறையை விளக்கப் போதாது.

ஆளிலிருந்து நூலுக்கு

குரு அர்ஜன் 1606இல் லாகூரிலும், ஒன்பதாம் குருவான தேக் பகதூர் 1675இல் தில்லியிலும் முகலாய ஆட்சியில் உயிர்நீத்தனர். இச்சூழலில் குரு கோவிந்த் சிங் 1699இல் ஆனந்தபூரில் கால்சாவை நிறுவினார். முதல் ஐவருக்கு அமுதம் வழங்கிய அவர், பின்னர் அவ்வைவரிடமிருந்தே தாமும் அமுதம் பெற்றார் என்பது மரபு. குருவே மாணாக்கராக நின்ற நிகழ்வு இது. 1708இல் நாந்தேடில் மறையுமுன், மனிதக் குருமரபை முடித்து, கிரந்தத்தையே குருவாக்கினார் என்பது சீக்கியர் கொள்கை.

முடிவுரை

குரு என்பது உடலன்று, சொல்லே என்னும் கருத்து நானக் என்னும் பொது முத்திரையில் வெளிப்பட்டு, 1604இல் நூல்வடிவம் பெற்று, 1708இல் நிறைவெய்தியது. அந்நூல் குருத்துவாராக்களில் இன்றும் நாள்தோறும் அரியணையில் அமர்த்தப்பெறுகிறது. திறந்த பக்கத்தில் அமையும் பாடலே அன்றைய ஆணையாகக் கொள்ளப்படுகிறது. அதில் ரவிதாசரின் பாடலோ பரீதின் பாடலோ அமையினும் அதுவே குருவின் வாக்கு. பிறப்பையும் சமயத்தையும் கடந்து சொல்லுக்கே தலைமை அளித்தமையே சீக்கியத்தின் தனித்தன்மையாகும்.