சீதபேதி என்று வந்த புற்றுநோய்

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் கதையை எல்லாரும் 1954-ல் இருந்து ஆரம்பிப்பார்கள். நான் 1920-களுக்குப் போகிறேன்.

முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு சீதபேதி என்று வைத்தியம் நடந்தது. உள்ளே இருந்ததோ மலக்குடல் புற்றுநோய். சின்ன வயதில் அது அபூர்வம்; சீதபேதியோ நம்மூரில் சர்வசாதாரணம். டாக்டர்கள் எதை முதலில் நினைப்பார்கள்? அக்கா 1912-லேயே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் பட்டம் வாங்கிய டாக்டர். அப்படியும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

ஒரு நோய்க்குப் பின்னால் இன்னொன்று ஒளிவது இன்றும் உண்டு. ஸ்க்லெரோடெர்மா ஓர் ஆட்டோஇம்யூன் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இணைப்புத் திசுவைத் தாக்க, தோலோடு உணவுக்குழாயும் இறுகிவிடலாம். அந்த நோயாளி "விழுங்க முடியலை" என்றால் பழைய வியாதிதான் என்று தோன்றும். அபூர்வமாக அங்கே புற்றுநோய் இருந்தால்? எண்டோஸ்கோப்பி செய்து, திசு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மெடிக்கல் காலேஜ் நூற்றாண்டு விழாவில், 1935-ல், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார் முத்துலட்சுமி. நேரு அடிக்கல் நாட்டியது 1952-ல். 1954-ல் 12 படுக்கைகளோடு திறந்தார்கள். அதைக் கட்டி வளர்த்த டாக்டர், அவர் மகன் கிருஷ்ணமூர்த்தி.