கப்பலேறும் நோயாளியும் அவர் கையிலுள்ள சீட்டும்

கிரேட் நிகோபாரின் கேம்பல் பேயிலிருந்து போர்ட் பிளேயருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) கடல்வழி 500 கி.மீ.க்கு மேல். அங்குள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையிலும் சிகிச்சைக்கு வழியில்லையென்றால் நோயாளி சென்னை போன்ற பெருநகருக்குத்தான் போகவேண்டும். இத்தனை தூரமும் அவருடைய நோய் விவரம் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த ஓ.பி. சீட்டாகவும் எக்ஸ்ரே ஃபிலிமாகவும் கூடவே வரும்.

அந்தச் சீட்டைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. கரண்ட் வேண்டாம், சிக்னல் வேண்டாம். எந்த மருத்துவரும் பிரித்தவுடன் படிக்கலாம். ஆனால் அது ஒரே பிரதி. 2004 சுனாமி நிகோபார் தீவுகளின் கரையோரச் சுகாதார நிலையங்களை அடித்துச் சென்றபோது, உள்ளே இருந்த பதிவேடுகள் தப்ப வழியே இல்லை.

மின்னணுப் பதிவின் பலம் இங்கேதான். தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் 2020 ஆகஸ்ட் 15 அன்று சோதனை முறையில் தொடங்கிய 6 யூனியன் பிரதேசங்களில் அந்தமான் நிகோபாரும் ஒன்று. அதற்கு 5 நாள் முன்புதான் சென்னையிலிருந்து வரும் சுமார் 2,300 கி.மீ. கடலடி கேபிள் திறக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பே கதி. இத்திட்டம் ஒவ்வொருவருக்கும் தரும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண்ணான ஆபா (ABHA) எண்ணோடு இணைத்த பதிவை, நோயாளி சம்மதித்தால், சென்னை மருத்துவர் பார்க்கலாம். சிறுநீரக நோயாளிக்கு இது பெரிய உதவி: கிரியேட்டினின் மாதாமாதம் எப்படி ஏறியது என்பது கண்முன் நிற்கும், எடுத்த பரிசோதனையையே மறுபடி எடுக்கவேண்டியதில்லை.

ஆனால் பதிவுகள் ஒரே கிடங்கில் சேர்வதில்லை. உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். கேம்பல் பேயில் யாரும் தட்டச்சு செய்யாவிட்டால் சென்னையில் திரை காலிதான். தமிழர் பெயரில் இனிஷியல் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் பதிவானால், ஒருவரே இருவராகிவிடுவார். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்க, அத்தனை பெரிய மருத்துவமனையும் சில வாரங்கள் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பியது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறு. இத்தீவுகளின் பழங்குடியினரான கிரேட் அந்தமானியர் சுமார் 50 பேரே. பெயரை நீக்கிவிட்டாலும் வயதும் நோயும் போதும், ஆளை அடையாளம் காட்டிவிடும். காகிதக் கேஸ் ஷீட் ஓர் அலமாரியில் கிடந்தது. திரையை எங்கிருந்தும் திறக்கலாம். ஆகவே பழங்குடியினர் பதிவை யார், எப்போது திறந்தார் என்ற கணக்கு கட்டாயம் வேண்டும். கப்பலேறும் ஒவ்வொரு நோயாளி கையிலும், ஆபா எண் இருந்தாலும், அச்சிட்ட சுருக்கம் ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும்.