கெட்டித்தல்: தென்காசி வட்டாரத்துப் போர்களில் குண்டின் அமர்வும் குறியின் துல்லியமும்

துப்பாக்கியில் மருந்தும் குண்டும் ஏற்றுவதைத் தமிழ் வழக்கு ‘கெட்டித்தல்’ என்று குறித்தது. இடுதல், நிரப்புதல் முதலிய சொற்கள் இருக்க, இறுகச் செய்தல் என்னும் பொருளுடைய சொல் இதற்கு வழங்கியமை தற்செயலன்று. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டை இறக்கி, கோலால் இடித்து அமர்த்தினர். குண்டு எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு இறுக்கத்தில் அமர்ந்தது என்பதைப் பொறுத்தே அதன் வேகமும் குறியும் அமைந்தன. பாளையக்காரர் போர்களைப் பேசும் எழுத்துகள் படைக்கலங்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையால் அளக்கின்றன. கெட்டித்த கை அக்கணக்கில் இடம்பெறுவது அரிது.

இவ்வமர்வின் இயல்பைச் சோதனைவழி ஆராய்ந்தவருள் பெஞ்சமின் ராபின்ஸ் முதன்மையானவர். 1742இல் வெளிவந்த தம் நூலில், ஊசலில் தொங்கவிட்ட பலகையின்மீது சுட்டுக் குண்டின் வேகத்தை அளக்கும் முறையை அவர் விளக்கினார். மருந்து எரிந்து எழும் வாயுவின் அழுத்தம் அது அடைபட்டிருக்கும் இடத்தின் அளவைப் பொறுத்தது என்பது அவர் கண்ட அடிப்படை. குண்டு ஆழ அமர்ந்தால் இடம் சுருங்கி அழுத்தம் ஏறும்; சற்று மேலே நின்றால் அழுத்தம் தணியும். மிகவும் விலகி நின்றாலோ விளைவு தலைகீழாகும். குழலின் அடிமுனையிலிருந்து 16 அங்குலம் தள்ளிக் குண்டை வைத்துச் சுட்டபோது, குண்டுக்குப் பின்னிருந்த குழற்பகுதி இருமடங்கு பருத்துப் பிளந்தது என்று அவர் பதிவுசெய்தார். கம்பெனியின் தலைமைப் பொறியாளராகத் தமிழகக் கடற்கரைக்கு வந்த ராபின்ஸ், 1751 ஜூலை 29 அன்று கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார்.

நான்காண்டுகள் கழித்து, 1755இல், கர்னல் ஹெரான் மாபூஸ்கானுடன் திருநெல்வேலிச் சீமைக்குள் புகுந்தார். பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டையை அவரால் பிடிக்க இயலவில்லை. அக்காலத்து ஆங்கிலப் படையின் துப்பாக்கிக் குழல் ஏறத்தாழ 0.75 அங்குல விட்டமும், அதற்குரிய குண்டு ஏறத்தாழ 0.69 அங்குல விட்டமும் உடையவை. விரைந்து கெட்டிப்பதற்காகவே இவ்விடைவெளி விடப்பட்டது. தளர்வாக அமர்ந்த குண்டு குழலின் சுவரில் மோதி மோதி வெளியேறியதால் எத்திசையில் விலகும் என்று கணிக்க முடியாது. ஆயினும் அளந்த மருந்தும் குண்டும் காகிதத் தோட்டாவில் ஒன்றாகப் பொதியப்பட்டிருந்தமையால், ஆளுக்கு ஆள் வேறுபாடு குறைந்தது.

திரித்துப்பாக்கியின் நிலை வேறு. மருந்தைக் கண்ணளவில் கொட்டி, குண்டைத் துணியோ நாரோ சேர்த்து இறுக்கியவனுடைய முதற்குறி சிப்பாயின் குறியைவிடத் துல்லியமாகவே இருந்திருக்கக்கூடும். அத்துல்லியம் அடுத்தடுத்த கெட்டிப்பில் நிலைத்ததா என்பதே கேள்வி. ஒவ்வொரு முறையும் மருந்து கூடினாலோ குறைந்தாலோ குண்டு அமரும் இடமும் மாறும். எரிந்த மருந்தின் கசடு படியப் படியக் கோல் முழு ஆழம் செல்லாது. மறவர் படையினர் ஏறத்தாழ 18 அடி நீள ஈட்டியை முதன்மைப் படைக்கலமாகக் கொண்டதைப் பின்தங்கிய நிலையின் அடையாளமாகக் காட்டுவது பொருத்தமன்று. மறுமுறை கெட்டிப்பதற்குள் பகைவன் நெருங்கிவிடும் களத்தில் அது தேர்ந்தெடுத்த முடிவே.

நிலமும் இதில் பங்கு கொண்டது. பாஞ்சாலங்குறிச்சியின் வறண்ட வெயிலில் கசடு இறுகிக் குண்டை இடைவழியில் தடுக்கும். ஆனி, ஆடிச் சாரல் வீசும் குற்றாலம், தென்காசிப் பக்கத்தில் கசடு இளகிக் கோலுக்கு வழிவிடும். ஆனால் மருந்து ஈரம் கோக்கும், திரி அணையும். ஒரே சீமையில் மலையடிவாரப் போரையும் கரிசற்காட்டுப் போரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது இதனால் இடர்ப்பாடானது. வாசுதேவநல்லூரில் 1759இல் யூசுப்கான் தோற்றுத் திரும்பியதையும், 1761இல் அவர் வென்றதையும், 1767இல் டொனால்டு கேம்பெல் முற்றுகையிட்டதையும் ஆராய்வோர், மாதத்தையும் மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1801 டிசம்பர் 1ஆம் நாள் அறிவிப்பு பாளையங்களின் படைக்கலங்களைப் பறித்தது. ராபின்ஸ் வலியுறுத்திய சுரிகுழல், என்ஃபீல்டு துப்பாக்கியாக இந்தியச் சிப்பாய்களிடையே பரவலாக வரத் தொடங்கியது அவர் மறைந்து நூறாண்டுகளுக்குப் பிறகே. அதன்பின் வந்த உலோகத் தோட்டாவில் குண்டு கூட்டின் கழுத்திலேயே இறுக்கப்பட்டது. குண்டு கூட்டுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது, சுரிவரிகளைத் தொட அது எவ்வளவு தாவ வேண்டும் என்பன இன்றும் அழுத்தத்தையும் குறியையும் மாற்றுகின்றன. தாமே தோட்டா தயாரிக்கும் அயல்நாட்டுக் குறிசுடுவோர் இதனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கின்றனர். இந்தியாவிலோ 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், துப்பாக்கியோடு தோட்டாவையும் மருந்தையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், குற்றாலத்துக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையைச் சேர்ந்தவர். அவர் கையில் இருந்தது பிரவுனிங் கைத்துப்பாக்கி. அதில் குண்டு அமரும் ஆழம் தொழிற்சாலையிலேயே முடிவு செய்யப்பட்டிருந்தது. சுட்டதோ ரயில்பெட்டிக்குள், மிக அருகிலிருந்து. பூலித்தேவர் காலத்து வீரன் தன் கையாலேயே கெட்டித்தான். வாஞ்சிநாதனுக்கு அந்த வேலை இல்லை. தோட்டா கிடைப்பதுதான் அரிதாயிருந்தது. ஆங்கிலேயச் சட்டம் எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம் அவர் சுடும் பயிற்சி பெற்றார்.