புதிய வேதி மாசுகளைக் கண்டறியும் பகுப்பாய்வு முறைகள்

எந்தக் கண்காணிப்புப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு வேதிப்பொருள் நீரில் கலந்திருந்தால், வழக்கமான ஆய்வகச் சோதனையில் அது தென்படாது. வழக்கமான சோதனை இலக்குப் பகுப்பாய்வு வகையைச் சேர்ந்தது: தேடும் பொருளின் தூய மாதிரியோடு ஒப்பிட்டு அளவிடுவது. தேடாத பொருள் எவ்வளவு இருந்தாலும் அறிக்கையில் வராது. ‘நீர் தூய்மையானது’ என்ற சான்று, சோதித்த பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும்.

இக்குறையை ஈடுசெய்வது இலக்கற்ற பகுப்பாய்வு. நீர்ம வண்ணப்பிரிகை மூலம் சேர்மங்கள் தனித்தனியே பிரிக்கப்பட்டு, மின்தெளிப்பு முறையில் அயனிகளாக்கப்படுகின்றன. உயர்பிரிதிறன் நிறை நிறமாலைமானி ஒவ்வோர் அயனியின் நிறையையும் நான்கு தசம இடங்கள் வரை அளக்கிறது. துல்லியமே இங்கு எல்லாம். 298-ஐ ஒட்டிய மூலக்கூறு நிறை கொண்ட சேர்மங்கள் ஏராளம்; 298.1681 என்று தெரிந்துவிட்டால் பொருந்தும் வாய்பாடுகள் வெகுவாகக் குறையும். ஐசோடோப்பு அமைப்பும் துப்புத் தரும்: மூலக்கூறில் ஒரு குளோரின் அணு இருந்தால், முதன்மை உச்சியிலிருந்து இரண்டு அலகு தள்ளி, மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னோர் உச்சி எழும். பின்னர் அயனியை உடைத்து, துண்டுகளின் நிறைகளைத் தரவுத்தளங்களோடு ஒப்பிடுவர். எளிதில் ஆவியாகும் சேர்மங்களுக்கு வளிம வண்ணப்பிரிகை பயன்படுகிறது.

ஒரே மாதிரியில் ஆயிரக்கணக்கான உச்சிகள் தோன்றும். அவற்றுள் நஞ்சு எது என்று கருவி சொல்லாது. அதற்கு உயிரினங்களின் துணை தேவை. விளைவுசார் பகுப்பாய்வு எனப்படும் இம்முறையின் ஆற்றலை அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஆய்வு தெளிவாகக் காட்டியது. அங்கு மழைக்குப்பின் நகர ஓடைகளுக்கு முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்கள் பல ஆண்டுகளாக மடிந்துகொண்டிருந்தன. டயர் துகள்கள் ஊறிய நீரும் அவற்றைக் கொன்றது. அந்நீரில் 2,000-க்கு மேற்பட்ட சேர்மங்கள் இருந்தன. ஆய்வாளர்கள் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் இளம் மீன்களை விட்டுப் பார்த்தனர்; மீன்களைக் கொன்ற பகுதியை மட்டும் மேலும் பிரித்தனர். இறுதியில் 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட, முன்னறியாத ஒரு சேர்மம் எஞ்சியது. டயரில் விரிசல் விழாமல் காக்கச் சேர்க்கப்படும் 6பிபிடி என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் 6பிபிடி-குவினோன் அது. ஆலையில் எவரும் தயாரிக்காத பொருள் என்பதால் எந்த உற்பத்திப் பட்டியலும் அதைக் காட்டியிருக்காது. ஆய்வகத்தில் 6பிபிடியை ஓசோனுக்கு உட்படுத்தி, விளைந்த பொருளும் அதுவே என்று உறுதிசெய்தனர். ஆய்வு 2020 டிசம்பரில் வெளியானது.

தூய ஒப்பீட்டு மாதிரி கிட்டும்வரை அளவீடு தற்காலிகமானதே. பாதி மீன்களைக் கொல்லும் 6பிபிடி-குவினோன் செறிவு முதலில் லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம் என்று கணிக்கப்பட்டது. வணிகத் தரமாதிரி கிடைத்தபின் 2022-இல் அது 0.095 மைக்ரோகிராமாகத் திருத்தப்பட்டது. 2024-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, நீரில் இச்சேர்மத்தை அளப்பதற்கான வரைவு முறையை 1634 என்ற எண்ணில் வெளியிட்டது.