கைப்பேசியின் நம்பகச் சான்றிதழ்கள்

இணையத்தின் மறுமுனையில் இருப்பது, தான் இன்னாரென்று சொல்லிக்கொள்ளும் அதே நிறுவனம்தானா என்று கைப்பேசி சரிபார்க்க உதவும் மின்னணு ஆவணமே பாதுகாப்புச் சான்றிதழ். ஈப்போவில் ஒருவர் வங்கிச் செயலியைத் திறந்தாலும், சுங்கை சிப்புட்டில் ஒருவர் மைடேக்ஸ் தளத்தில் வருமான வரிப் படிவத்தை நிரப்பினாலும், திரையில் எதுவும் தோன்றுவதற்கு முன்பே இந்தச் சரிபார்ப்பு நடந்து முடிந்துவிடும். எக்ஸ்.509 என்ற தரத்தின்படி இச்சான்றிதழ்கள் அமைகின்றன. அத்தரம் முதலில் வெளியானது 1988இல்.

ஒரு தளத்தின் சான்றிதழில் அதன் முகவரி, பொதுத் திறவி எனப்படும் நீண்ட மறையாக்க எண், காலாவதித் தேதி, சான்றளித்த நிறுவனத்தின் மின்கையெழுத்து ஆகியவை இருக்கும். அந்த நிறுவனத்துக்கு இன்னொரு நிறுவனம் சான்றளித்திருக்கும். இப்படியே மேலே போனால் மூலச் சான்றிதழில் வந்து நிற்கும். மூலச் சான்றிதழ்களின் பட்டியல் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது; அதைத் தொகுப்பவை கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனங்கள். பேராக் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையும் இப்படிப்பட்ட சங்கிலிதான். தோட்டத்துரை தமிழ்நாட்டுக் கிராமத்து ஆளை முன்பின் பார்த்ததில்லை. அவர் உரிமம் பெற்ற கங்காணியை அனுப்பினார். கங்காணி சேர்த்த ஆளுக்கு ஊர் முன்சீப் கையெழுத்திட்டார். அந்தத் தாளைச் சரிபார்த்த பிறகே ஆளைக் கப்பலேற்றினார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அந்த ஏற்பாடு நீடித்தது. இடையில் ஒரு கையெழுத்து பொய்யானால் மேலே இருப்பவருக்குத் தெரியாமல் போகும் என்ற பலவீனம் இரண்டுக்கும் பொது.

பட்டியலைப் பார்ப்பது

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில், பாதுகாப்புப் பகுதிக்குள் ‘டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்’ என்ற பட்டியல் உண்டு. தயாரிப்பாளருக்கு ஏற்ப அது இருக்கும் இடம் சற்று மாறும். ‘சிஸ்டம்’ என்ற பக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வரிசையாக வரும். அவற்றில் ‘ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1’ என்பதைத் தொட்டால், யாருக்கு வழங்கப்பட்டது என்ற இடத்திலும் யார் வழங்கியது என்ற இடத்திலும் ஒரே பெயர் இருக்கும். மூலச் சான்றிதழ் தனக்குத் தானே கையெழுத்திட்டுக்கொள்வது. அதற்கு மேல் கேட்க ஆளில்லை. செல்லுபடிக் காலம் 2015 ஜூன் 4 முதல் 2035 ஜூன் 4 வரை.

‘யூசர்’ என்ற இன்னொரு பக்கம் சாதாரணமாகக் காலியாகவே இருக்க வேண்டும். அலுவலகமோ பள்ளியோ தன் வலையமைப்பைக் கண்காணிப்பதற்காக நிறுவிய சான்றிதழ் இருந்தால் இங்கே தெரியும். வலையமைப்பு கண்காணிக்கப்படலாம் என்ற எச்சரிக்கையையும் கைப்பேசி காட்டும். வேறொருவர் சொல்லி நிறுவியது, யாருடையதென்று தெரியாதது என்றால் அதை நீக்கிவிடலாம். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் சேர்த்த மூலச் சான்றிதழ்களைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. ஐபோனிலும் கையால் நிறுவிய மூலச் சான்றிதழுக்கு ‘அபவுட்’ பகுதியில் தனியே நம்பிக்கை அளித்தால்தான் அது முழுதாகச் செயல்படும்.

மலேசிய உரிமமும் கைப்பேசியின் நம்பிக்கையும்

மலேசியாவில் சான்றளிப்பு நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டமே உண்டு. 1997ஆம் ஆண்டின் மின்கையொப்பச் சட்டம் 1998 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி உரிமம் பெற்ற நிறுவனம் வழங்கும் சான்றிதழைக் கொண்டு இடும் மின்கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு. உரிமங்களைக் கவனிப்பது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். ஆனால் அரசின் உரிமம் ஒன்று, உலாவியின் நம்பிக்கை வேறொன்று. இந்த வேறுபாட்டை நாடு 2011 நவம்பரில் நேரடியாகக் கண்டது.

உரிமம் பெற்ற உள்நாட்டு நிறுவனமான டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட், பலவீனமான 512-பிட் திறவிகளுக்கு 22 சான்றிதழ்களை வழங்கியிருந்தது தெரியவந்தது. (அமெரிக்காவில் இதே பெயரில் உள்ள நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, அன்றைய செய்திகளில் பெயர்க் குழப்பம் ஏற்பட்டு அமெரிக்க நிறுவனம் மறுப்பு சொல்ல வேண்டியிருந்தது.) ஆர்எஸ்ஏ மறையாக்க முறையின் 512 பிட் நீளமுள்ள எண்ணை உடைத்துக் காட்டியது 1999இலேயே நடந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அதே நீளத் திறவிகளுக்குக் கையெழுத்திட்டதை அலட்சியம் என்றுதான் சொல்ல வேண்டும். அதோடு, சான்றிதழ் எந்தப் பயன்பாட்டுக்கு உரியது என்ற வரையறையும், அதை ரத்து செய்தால் எங்கே பார்ப்பது என்ற தகவலும் அவற்றில் இல்லை. ஆகவே தளத்துக்கென வாங்கிய சான்றிதழை வைத்தே ஒரு மென்பொருளுக்கும் கையெழுத்திட முடிந்தது.

அதுதான் நடந்தது. மலேசிய வேளாண் ஆராய்ச்சி, மேம்பாட்டுக் கழகமான மார்டியின் பெயரிலிருந்த சான்றிதழால் கையெழுத்திடப்பட்ட தீநிரல் ஒன்றைப் பின்லாந்தின் எப்-செக்யூர் நிறுவனம் அதே மாதத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அரசு நிறுவனத்தின் பெயர் இருந்ததால், அந்த நிரலைத் திறந்த கணினி அதை எளிதில் சந்தேகிக்காது.

மலேசிய டிஜிசெர்ட்டின் பெயர் உலாவிகளின் மூலப் பட்டியலில் நேரடியாக இருந்ததில்லை. என்ட்ரஸ்ட், வெரைசனின் ஜிடிஇ சைபர்டிரஸ்ட் ஆகிய இரு பெரிய நிறுவனங்களின் கீழ் இடைநிலைச் சான்றிதழ் பெற்றே அது இயங்கியது. மொசில்லா நவம்பர் 3 அன்றும் மைக்ரோசாப்ட் நவம்பர் 10 அன்றும் அந்த இடைநிலைச் சான்றிதழ்களை நம்புவதை நிறுத்துவதாக அறிவித்தன. கோலாலம்பூர் அளித்த உரிமத்தை யாரும் பறிக்கவில்லை. உலாவிகள் கைவிட்ட பிறகு, தளங்களைப் பொறுத்தவரை அந்த உரிமத்தால் பயனேதும் இல்லை. இந்தியாவிலும் 2014 ஜூலையில் இதுபோன்றே நடந்தது: தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் முகவரிகளுக்கு அனுமதியின்றிச் சான்றிதழ்கள் வெளியாகி, அவற்றை உலாவிகள் தடுத்தன.

பழைய கைப்பேசிகள்

நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் புதுக் கைப்பேசி வாங்கியதும் பழையது தோட்டத்து வீட்டுக்கோ, தோட்டம் துண்டாடப்பட்டபின் குடியேறிய மலிவு விலை வீட்டுக்கோ வந்துசேர்வது பேராக்கில் வழக்கம். அப்படிக் கைமாறிய கருவியில் ஒரு நாள் பல தளங்கள் ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல’ என்று மறுக்கும். கோளாறு பெரும்பாலும் இணைய வேகத்தில் இருக்காது. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய கருவிகளில் அதன் புதிய மூலச் சான்றிதழ், அதாவது மேலே பார்த்த ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1, கிடையாது. பழைய மூலச் சான்றிதழ் புதியதற்குக் கையெழுத்திடும் குறுக்குக் கையெழுத்து என்ற தற்காலிக ஏற்பாடும் 2024 செப்டம்பர் 30இல் முடிந்தது. அத்தகைய கருவியில் இயங்கக்கூடிய பழைய பயர்பாக்ஸ் உலாவிப் பதிப்பை நிறுவினால் பல தளங்கள் மீண்டும் திறக்கும். அது இயங்குதளத்தின் பட்டியலை நம்பியிராமல் தனக்கென ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 14 முதல் மூலப் பட்டியலை கூகுள் பிளே வழியாகவே புதுப்பிக்க முடிகிறது.

சான்றிதழ் சொல்லாதது

மோசடித் தளத்துக்கும் சான்றிதழ் எளிதில் கிடைக்கும். முகவரி அவர்களுடையது என்பதை மட்டுமே சான்றிதழ் உறுதிசெய்கிறது. அவர்கள் நேர்மையானவர்கள் என்பதை உறுதிசெய்வதில்லை. பூட்டுக்குறியைப் பார்த்து மக்கள் ஏமாறுகிறார்கள் என்பதாலேயே குரோம் உலாவி 2023 செப்டம்பரில் அக்குறியை எடுத்துவிட்டது.

புலனத்திலும் முகநூலிலும் வரும், செயலியை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்புகள் இதனினும் ஆபத்தானவை. வீடு துப்புரவுச் சேவை நிறுவனங்களின் பெயரில் போலித் தளங்கள் அமைத்து, செயலியை நிறுவச் சொல்லி, மலேசியாவின் எட்டு வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்த மோசடியை இணையப் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் 2022 ஏப்ரலில் விவரித்தது. கடவுச்சொல்லோடு குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணையும் அச்செயலிகள் திருடின. ஆண்ட்ராய்டு செயலியிலும் கையெழுத்து இருக்கும். ஆனால் அது செயலியை உருவாக்கியவர் தமக்குத் தாமே போட்டுக்கொள்வது. மேலே எந்த மூலச் சான்றிதழும் கிடையாது. அடுத்த பதிப்பும் அதே கையிலிருந்துதான் வருகிறது என்பதை மட்டும் அது காட்டும். பணம் பறிபோனால் அழைக்க வேண்டிய 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மைய எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது.

காலவரம்பு

தளச் சான்றிதழ்களின் ஆயுள் குறுகிக்கொண்டே வருகிறது. 2020 செப்டம்பரில் உச்சவரம்பு 398 நாளானது. உலாவி நிறுவனங்களும் சான்றளிப்பு நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, அது 2026 மார்ச் 15இல் 200 நாளாகவும் 2027 மார்ச்சில் 100 நாளாகவும் 2029 மார்ச்சில் 47 நாளாகவும் குறைகிறது. மூலச் சான்றிதழ்களுக்கு இவ்வரம்பு பொருந்தாது. காலவரம்பைக் கைப்பேசி தன் தேதியை வைத்தே சரிபார்ப்பதால், மின்கலம் தீர்ந்து வெகுநாள் கிடந்து தேதி பின்தங்கிப்போன கைப்பேசி, அன்று செல்லுபடியாகும் சான்றிதழைக்கூட இன்னும் நடப்புக்கு வரவில்லை என்று தள்ளிவிடும். அப்போது தேதியையும் நேரத்தையும் தானியங்கிக்கு மாற்றினாலே போதும். கைப்பேசிக் கடைக்காரரிடம் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டியதில்லை.